பட்டாபிராமன் பேச்சில் சத்தம் வரவில்லை

பட்டாபிராமன் வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை என்று சொன்னால் கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட் போடுகிறவனிடம் பேசினாலும் மூன்றாம் மாடி வரை கேட்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் டிவி திரையில் வாயைத் திறக்கிறார், மூடுகிறார், விரலை ஆட்டுகிறார், மேஜையைக் குத்துகிறார். தொட்டி மீன் மாதிரி ஒரு சத்தம் இல்லை.

“என்னடி காமு இது! படம் ஓடறது, என் குரல் எங்கே?” என்று கத்தினார், சோபாவில் உட்கார்ந்திருந்த பட்டாபிராமன்.

காமுவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. சமையலறை வாசலில் நின்றபடி, “பழைய கேசட்தானேன்னா, போயிருக்கும். விட்டுத்தள்ளுங்கோ” என்றாள்.

விட்டுத்தள்ளுகிற ஆளா அவர்? அது அந்த ஊர்த் தமிழர் சபாவின் வெள்ளி விழாவில் அவர் பேசிய பேச்சாயிற்றே! ‘தமிழரும் வங்காளியரும்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே சபாவுக்குப் பொன்விழா. “பழைய கேசட்டை டிவிடியில போட்டுக் குடுத்தா விழாவுல கொஞ்சம் ஓட்டலாம்” என்று செயலாளர் வெங்கடநாராயணன் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். ‘கொஞ்சம்’ என்பது மட்டும் பட்டாபிராமன் காதில் விழவில்லை. முழுப் பேச்சையும் ஓட்டப்போகிறார்கள் என்று பக்கத்துப் பேட்டை டாக்குரியா வரை சொல்லிவிட்டு வந்துவிட்டார். கரியாஹாட் கடையில் கேசட்டைக் கொடுத்து அவர் போட்டு வாங்கிவந்த டிவிடிதான் இப்போது ஊமையாக ஓடுகிறது.

“பாரு, பாரு, இந்த இடம்தான்!” திரையைத் தொட்டுக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. முன்வரிசையில் ஒருவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டுகிறார். “பேச்சு நடுவுல எழுந்து நின்னு தட்டறா, பாத்தியோ? எவனுக்குக் கெடைக்கும் இது?”

இருபத்தைந்து வருஷமாக இந்தக் கைதட்டலைக் கேட்டுக் கேட்டுக் காமுவுக்குக் காது புளித்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார், துர்கா பூஜைப் பந்தலில் சொல்வார், டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கையில்கூடச் சொல்வார். அது எதற்காக விழுந்த கைதட்டல் என்று அந்தக் கூட்டத்துக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. யாராவது சொல்லியிருக்கலாம், இந்த மனுஷர் பேச இடம் கொடுத்தால்தானே!

அன்று அவர் பேச்சுக்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் இருந்தது காமுவின் பாட்டு. ஒரே ஒரு கீர்த்தனை. அதற்காக அரைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தாள். அரக்குக் கலர் பட்டுப்புடவை, தலையில் பூ, தம்பூரா சுருதி சேர்த்து மேடை ஓரத்தில் காத்திருந்தாள். கட்டிய புருஷனோ பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் மீனைத் தொடாத மனுஷர் இலிஷ் மீனுக்குக் கடுகு அரைப்பதைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றான். பின்வரிசையில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

காமு பார்த்தாள். மைக்செட்டுக்காரரைப் பார்த்து, “தாதா, மைக் பொந்தோ கொரே தின்! போறும், இவர் இப்படியே விடிய விடியப் பேசுவார்” என்று சொல்லிவிட்டாள். மைக்கை நிறுத்தச் சொன்னது சரிதான். ஆனால் அறிவிப்பாளருக்கென்று வைத்த இன்னொரு மைக் அவள் வாய்க்கு நேரே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்க அவள் குரல் கணீரென்று கேட்டது. மைக்செட்டுக்காரர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, மொத்தத்தையும் அணைத்தார்; வீடியோவுக்குப் போன சத்தமும் அதோடு நின்றது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஒலிபெருக்கிகள் கூட்டத்தைப் பார்த்து இருந்ததால், தன் குரலிலேயே மூழ்கியிருந்த பட்டாபிராமனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டலைப் பார்த்துப் பூரித்துப்போய் மைக் இல்லாமலே இன்னும் உற்சாகமாகப் பேசினார். அவர் முடித்தபோது மண்டபத்தில் பாதி விளக்கு அணைந்துவிட்டது. காமு பாடவில்லை.

அது கேசட்டில் இருக்கிறது; வீட்டில் வீடியோ டெக் இல்லாததால் இத்தனை வருஷமும் அவர் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. சத்தம் வந்தால் அவள் மாட்டிக்கொள்வாள். அந்த மனுஷர் வாழ்க்கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கைதட்டல் அது; அதைத் தன் வாயால் போட்டு உடைக்க யாருக்கு மனசு வரும்?

மறுநாள் கரியாஹாட் கடைக்கு அவர் கிளம்பியபோது அவளும் கூடக் கிளம்பினாள். கடைக்காரன் ரஞ்சன், பழைய வீடியோ டெக்குகளை அலமாரி போல அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பவன். எது கெட்டாலும் ஃபங்கஸ் என்பான்.

“ஃபங்கஸ், மேஷோமோஷாய். கேசட் முழுக்க ஃபங்கஸ்” என்றான் வங்காள மொழியில், மாமா முறை வைத்து.

“படத்துல இல்லாத ஃபங்கஸ் சத்தத்துல மட்டும் எப்படி வரும்?” பட்டாபிராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளை கிளையாகப் போய் மானேஜர்களை அழவைத்த மனுஷர். “ஹெட்டைத் துடை. வேற கேசட்டைப் போட்டுப் பாரு. என் டிவியில மத்ததெல்லாம் சத்தமா வரது. அப்போ உன் கம்ப்யூட்டர்லதான் கோளாறு.”

ரஞ்சன் ஹெட்டைத் துடைத்தான். வேறு கேசட் போட்டான். அதிலும் சத்தமில்லை. கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கி எதையோ திறந்து மூடினான். காமு அலமாரியோரம் நின்றபடி பார்த்தாள். படத்துக்கான மஞ்சள் ஒயர் ஓடுகிற டெக்கில் இருந்தது. சத்தத்துக்கான வெள்ளை ஒயர் பக்கத்தில் சும்மா கிடந்த வேறொரு டெக்கில் சொருகியிருந்தது. அடப்பாவி, இவ்வளவுதானா! அவள் மெல்ல ஒரு அடி நகர்ந்து, காய்கறிப் பையை அதன் முன்னால் வைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

“காமு, நகரு. ஃபேன் காத்தை மறைக்கறே.”

நகர்ந்தாள். பை சாய்ந்தது, கத்திரிக்காய் உருண்டது. பொறுக்கக் குனிந்த ரஞ்சன், “ஏய் மா!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டு வெள்ளை ஒயரைப் பிடுங்கிச் சரியான இடத்தில் சொருகினான். கடை அதிர்ந்தது. ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்று பட்டாபிராமன் முழங்கினார். அசல் பட்டாபிராமன் கண்ணில் நீர் வந்துவிட்டது. காமு உருண்ட கத்திரிக்காயைத் தானே பொறுக்கிப் பையில் போட்டாள்.

புது டிவிடி சனிக்கிழமை கைக்கு வந்தது. சாப்பிட்ட கையோடு போட்டு உட்கார்ந்தார். காமு சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இலிஷ் வந்தது. கடுகு வந்தது. பிறகு, இளம் வயதுக் குரல் ஒன்று, கணீரென்று: “தாதா, மைக் பொந்தோ கொரே தின்! போறும், இவர் இப்படியே விடிய விடியப் பேசுவார்.” ஒரு பெருஞ்சிரிப்பு கிளம்பியது, அது பாதியில் அறுந்து நிசப்தம்.

போச்சு. கையில் டம்ளருடன் அப்படியே நின்றாள் காமு.

பட்டாபிராமன் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். “காமு, இங்கே வா! சதி பண்ணியிருக்கா! எவளோ ஒருத்தி மைக்கை நிறுத்தச் சொல்லியிருக்கா!”

எவளோ ஒருத்தியா?

“அன்னிக்கு அறிவிப்பாளர் யாரு? வெங்கடநாராயணன் பொண்டாட்டி மாதவி! அவ வேலைதான் இது. எப்பவுமே அவளுக்கு என் மேல பொறாமை. மைக்கே இல்லாம எழுந்து நின்னு தட்டியிருக்கா பாரு, அதான் என் பேச்சு! ஆனா இந்தக் குரலைக் கேட்டியோ? கர்ணகடூரம்! தகரத்தை ஆணியால கீறின மாதிரி. இப்படி ஒரு தொண்டையை வச்சுண்டு மைக் பக்கத்துல நிக்கக் கூசவேண்டாம்?”

காமு தப்பித்தாள். பொறியில் மாட்டாமல் வடையையும் தின்றுவிட்ட எலிக்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்திருக்க வேண்டும். இல்லையே! நெஞ்சு எரிந்தது. தாலி கட்டின நாளிலிருந்து இந்தக் குரல்தான் அவரைக் காபிக்கு எழுப்பியது, சாப்பிடக் கூப்பிட்டது, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டது. அந்த மனுஷருக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. மேடையில் அவள் குரல் பதிவானதே அந்த ஒரு தடவைதான். கர்ணகடூரமாம்!

அதற்குள் அவர் போனை எடுத்து வெங்கடநாராயணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. “இப்பவே கேக்கறேன். நாளைக்கு மேடையில, எல்லார் முன்னாடியும், அந்த மாதவி மன்னிப்புக் கேக்கணும்!”

காமு ரிமோட்டை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பின்னுக்கு ஓட்டினாள். டிவிக்குப் பக்கத்தில் போய், அவருக்கு நேரே திரும்பி நின்றாள். திரையிலிருந்து அந்த இளம் குரல் கிளம்பியபோது இவளும் வாயைத் திறந்தாள். “தாதா, மைக் பொந்தோ கொரே தின்! போறும், இவர் இப்படியே விடிய விடியப் பேசுவார்.” ஒரு எழுத்து பிசகவில்லை. சுருதிகூட விலகவில்லை.

பட்டாபிராமன் டிவியைப் பார்த்தார். காமுவைப் பார்த்தார். திரையில் ஜனங்கள் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் அவரைப் பார்த்துத் தட்டவில்லை, மேடை ஓரத்தைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்பது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“ஹலோ? பட்டாபியா?” போனில் வெங்கடநாராயணன் கத்தினார். “ஹலோ! ஒண்ணுமே கேக்கலையே! சத்தமே வரலை ஓய்!”

காமு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

“இப்போ கேக்கறதா அண்ணா? நான் காமு பேசறேன். நாளைக்கு நிகழ்ச்சியில ஒரு கீர்த்தனைக்கு இடம் இருக்குமா?”