தார்ப்பாயில் அடியில் இருந்தவை

அப்பா இறந்த முப்பத்தெட்டாம் நாள் காலை, சமையலறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஆறு மூட்டைகளையும் பிரித்தேன். கை விட்டதுமே புழுங்கிய வாடை. மூட்டைக்கு இருபது ஹேசல் கொட்டைகள் வீதம் உடைத்துப் பார்த்தேன். நூற்றிருபதில் முப்பத்தொன்றுதான் பூஞ்சை இல்லாதவை. எண்ணிக்கை தவறியிருக்கலாம் என்று மறுபடியும் எண்ணினேன். தவறவில்லை.

துருக்கியில் கிரேசுன் ஊருக்கு மேலே, எங்கள் மலைச்சரிவில் கொட்டை பறிக்கும்போதுதான் அப்பா ஓடைப் பாறைகளில் விழுந்தார். செங்குத்தான இடங்களில் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கயிற்றை அன்று அவர் இடுப்பில் கட்டவில்லை. அதற்குமுன் பறித்தவை முற்றத்தில் தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தன. துக்கத்துக்கு ஆட்கள் வந்தபடி இருந்ததால் மூன்று நாள் யாரும் அவற்றைக் கிளறிவிடவில்லை. மேகம் திரண்டது. ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கினேன். ஓட்டுக்குள் பருப்பு கடகடத்தது. காய்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி மூட்டை கட்டினேன்.

நாற்பதாம் நாள் ஓதலுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் அல்வாவில் அப்பா பறித்த கொட்டைதான் சேர வேண்டும் என்பது அம்மாவின் ஒரே பிடிவாதம். கெட்டதைத் தள்ளிவிட்டு நல்லதைப் பொறுக்கி வறுக்கத் தொடங்கினாள். பூஞ்சை பிடித்த மூட்டையில் பார்க்க நன்றாக இருப்பதும் விஷமாகலாம் என்றேன்.

"குலுக்கிப் பார்த்தேன்னு சொன்னியேடி."

"மேலாக இருந்ததை மட்டும்தாம்மா. அடியில கை விடல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். வாணலியைத் தூக்கி, வறுத்ததை அப்படியே அடுப்புத் தீயில் கொட்டினாள்.

நாற்பதாம் நாள் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் கிண்டினாள். ஓதல் முடிந்து தட்டுகள் போயின. பக்கத்துத் தோட்டத்து ஷாஸியே பெரியம்மா கரண்டியால் அல்வாவைத் துழாவிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன ஹாஜர், கொட்டையெல்லாம் அணிலுக்குக் குடுத்துட்டியா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த வருஷம் நம்ம சரிவுல காய்க்கலக்கா."

அப்பாவைத் தூக்கி வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த அறையில் இருந்தார்கள். அவர் விழுந்த இடத்தில் கிளைகள் பாரம் தாங்காமல் வளைந்து தொங்கியதைப் பார்த்தவர்கள். பெரியம்மாவும் பார்த்திருந்தாள். கரண்டியை வாயில் வைத்தாள். மற்றவர்களும் குனிந்து சாப்பிட்டார்கள்.