விமானிக்கு நேர் பின்னால்

சின்ன விமானத்தில் எந்த இடம் நல்லது என்று போயும் போயும் என் மைத்துனனிடம் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"விமானிக்கு நேர் பின்னாடி உக்காருங்க மாமா. நடுவுல கதவே கிடையாது. எல்லாம் தெரியும்" என்றான்.

யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். என் மனைவி பேசாமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நான்தான் நாலு பேரை இடித்துக்கொண்டு ஓடி அந்த இடத்தைப் பிடித்தேன்.

எல்லாம் தெரியத்தான் செய்தது. கை நீட்டினால் விரலைச் சீவிவிடும் தூரத்தில் புரொப்பெல்லர் சுற்றியது. மேகத்துக்குள் நுழைந்ததும், இருட்டில் படி தவறியவன் போல விமானம் பொதுக்கென்று கீழே இறங்கியது. அப்போது விமானியின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அதை விரலால் சுண்டினார், மக்கர் செய்யும் பழைய ரேடியோவைத் தட்டுவதுபோல. அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி சுண்டினார். அவர் பிடரியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சட்டைக் காலருக்குள் இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் ஆச்சு? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க!" என்று விமானியின் இருக்கையைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் திரும்பவில்லை.

"இறங்குற வரைக்கும் கண்ணை மூடிக்கங்க சார்" என்று கத்தினார். "உங்க பயம் எனக்கும் தொத்திக்குது."