கரைக்குக் கேட்கும்படி

"துண்டை இன்னும் உயரமாப் பிடி," என்று கார்வின் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அந்தப் பொம்பளை இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்குது."

லைரிஸ் குளியல் துண்டை இரு கைகளாலும் விரித்து உயர்த்தினாள். துண்டுக்கு இந்தப் பக்கம் கேப்டன் ஆன்செல்ம் வாய் திறந்து கிடந்தார். அந்தப் பக்கம், படகின் முன்தளத்தில், ரிசார்ட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் கையில் ரம் பஞ்ச் கிளாஸோடு சோகா ஆட்டப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கார்வின் தோளைப் பிடிக்க, என்ஜின் பார்க்கும் காஸ்மஸ் காலைத் தூக்க, இருவருமாக அவரைக் குறுகலான படிகளில் இறக்கிக் கீழறைப் படுக்கையில் கிடத்தினார்கள்.

சற்று முன்புவரை மனிதர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். சூரியன் இறங்குவது எல்லாருக்கும் தெரியும்படி படகை மேற்கே திருப்பினார். "இதைக் கொஞ்சம் பிடிங்கப்பா" என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

கீழறையில் லைரிஸ் அவர் நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள், மறுபடி அழுத்தினாள். கடைசியில் காஸ்மஸ்தான் அவள் கையைப் பிடித்து விலக்கினான்.

"விடு பொண்ணே. ஆளு போயாச்சு."

அவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, சுக்கானைப் பார்க்க மேலே போனான். அறையில் இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள், மூன்றாவதாக அவர்.

"படகைத் திருப்பச் சொல்லு," என்றாள் லைரிஸ்.

"திருப்பினா எழுந்து உக்காந்துடுவாரா?"

"உங்க அப்பா கிடக்கிறாரு, கார்வின்."

"எங்க அப்பான்னு தெரியுதில்ல? அப்ப முடிவும் நான்தான் எடுக்கணும்." அவன் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் முதலாளியின் குரலாக எப்போதோ மாறிவிட்டிருந்தது. "சூரியன் இறங்கற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. படகுல பிணம்னு தெரிஞ்சா ரிசார்ட்டுக்காரன் நாளைக்கே வேற படகைப் பார்த்துக்குவான். அதோட, எங்க அம்மாவுக்கு இதை நான்தான் சொல்லணும். ரோட்டுல போற வர்றவன் வாயால அவங்க கேட்கக்கூடாது."

கடைசியில் சொன்னது நியாயம்தான். அது நியாயமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"கரைக்குப் போனதும் நீ நேரா உன் வீட்டுக்குப் போயிரு," என்றான். "எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதே. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை வேண்டாம்."

"சங்கு?"

"யாரையாவது கூப்பிட்டு ஊதிக்கிறேன். அது உனக்கெதுக்கு? மேல போ. கிளாஸெல்லாம் காலியா இருக்கு."

போனாள். அவளுடைய சட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மிஸ் வெர்னா' என்று அச்சடித்திருந்தது. படகின் பெயர் அது. கார்வினின் தாய், ஆன்செல்மைத் தேவாலயத்தில் வைத்துக் கைப்பிடித்தவள், அவள் பெயர். அந்தப் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டுதான் லைரிஸ் இத்தனை வருஷமாக அந்த மனிதரின் படகில் விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

ஆன்செல்முக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பிறந்தவள் லைரிஸ். கார்வினுக்கு மூத்தவள். பெல் ஆன்ஸ் ஊரில் இது தெரியாத கோழிக்குஞ்சு கிடையாது. அதே தாடை, அதே பரந்த மூக்கு. தெரிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாதபோது ஊருக்கென்ன வந்தது? அவரை அவள் கேப்டன் என்றுதான் கூப்பிட்டாள். அவர் அவளை 'ஏ பொண்ணு' என்றார். அவளுடைய தாய் செத்தபோது மனிதர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். வந்து, சுவருக்கு வெளியே, ரோட்டோரம் நின்றார். தன் தாய்க்கு அவளே சங்கு ஊதினாள். ஊதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஆளைக் காணோம். அதை அவள் மன்னிக்கவே இல்லை.

பெல் ஆன்ஸில் செத்தவர்களுக்குச் சங்கு ஊதுவது ரத்த உறவுதான். மூத்த பிள்ளை ஊத வேண்டும். நாதியற்றவர்களுக்கு மட்டும்தான் ஆள் வைத்து ஊதுவார்கள். அந்தக் கிழவனுக்காக அழ அவளிடம் கண்ணீர் இல்லை. ஆனால் அவர் மண்ணுக்குள் போவதற்கு முன்னால், அவருக்கு அவள் யார் என்று இந்தக் கரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காதால் கேட்க வேண்டும். இன்றைக்கு இல்லையென்றால் அது இனி இல்லை. வாசலுக்கே வராதே என்கிறான் பொடியன்.

மேல்தளத்தில் உப்புமீன் வடைத் தட்டு காலியாகியிருந்தது. அன்று பிறந்தநாள் கொண்டாடும் பெண்மணி, தலையில் காகிதக் கிரீடம், அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேப்டனுக்கு என்ன ஆச்சும்மா? விழுந்த மாதிரி இருந்ததே?"

லைரிஸ் பதில் சொல்வதற்குள் கார்வின் படியேறி வந்துவிட்டான், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

"நாள் பூரா வெயில் மேடம். வயசாச்சு, கேக்க மாட்டேங்கிறாரு. குப்புறப் படுத்துத் தூங்கச் சொல்லிட்டேன். நீங்க கிளாஸைக் காட்டுங்க."

பெண்மணி சிரித்தாள். கீழறையின் கதவுக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தாள். லைரிஸ் அவள் கிளாஸில் ஊற்றி, மேலே ஜாதிக்காயைத் துருவினாள். ஒரு துளி சிந்தவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

சூரியன் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நின்றது. வழக்கமான இடத்தில்தான் காஸ்மஸ் படகை நிறுத்தினான். இடப்பக்கம் பெல் ஆன்ஸ் கரை, கூப்பிட்டால் கேட்கும் தூரம். யாரோ பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்தது. விளம்பரத் தாளிலேயே போட்டிருக்கும்: சூரியன் மறையும்போது தீவு முறைப்படி சங்கு முழக்கம். குட்டையாக மூன்று ஊது, பிறகு கைதட்டல், பிறகு இன்னொரு சுற்று ரம்.

"சங்கு எங்கே? சங்கு எங்கே?" என்று கிரீடக்காரி குழந்தை மாதிரி கேட்டாள்.

அதை ஊதிக்கொண்டிருந்தவர் ஆன்செல்ம். முன்பற்களைப் பிடுங்கிய பிறகு அவர் உதடு சங்கில் நிற்கவில்லை. கார்வினைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். காற்றும் எச்சிலும்தான் வந்தது, விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு லைரிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கி ஊதினாள். கிழவனுடைய நெஞ்சிலிருந்தே வருவது போல வந்தது. மறுநாளிலிருந்து அவர் சங்கை அவளிடம் நீட்டினார், அவ்வளவுதான்.

இப்போது நீட்டுவது கார்வின்.

"ஊது," என்றான் உதடு அசையாமல். "எப்பவும் போல. குட்டையா மூணு. சிரிச்ச முகமா ஊது."

அவள் அவனையே பார்த்தாள். பாவி, தானே கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். கரையில் மீன் கழுவும் பெண்களின் உருவங்கள் தெரிந்தன. அதில் வெர்னாவும் இருக்கலாம். கட்டின புருஷன் போன சேதியை, தனக்குப் பிடிக்காதவள் ஊதிய சங்கிலா அவள் கேட்க வேண்டும்? அது கொடுமை என்று லைரிஸுக்குத் தெரியும். கொடுமை என்று தெரிந்துதான் சங்கை வாயில் வைத்தாள்.

சாவுக்கு ஊதும் முறையில் ஒன்று, நீளமாக, மூச்சு முழுதும் தீரும்வரை. நிறுத்தம். மறுபடி அதே நீளம், முடிவில் மட்டும் கீழே இறங்கி. நிறுத்தம். மறுபடி.

சுக்கானருகே காஸ்மஸ் தொப்பியைக் கழற்றினான். கரையில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். "இன்னொரு தரம்!" என்று ஒருவன் கத்தினான். அவன் கேட்டதற்காக இல்லை, ஆனால் அவள் இன்னொரு தரம் ஊதினாள். அது அடங்கும் முன்பே கரையிலிருந்து வேறொரு சங்கு பதில் சொன்னது. கேட்டோம், செத்தது யாரென்று தெரிந்தது, வா என்று அர்த்தம். சூரியன் போய்விட்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

கார்வின் அவள் முழங்கையைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இழுத்தான்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"சங்கு ஊதினேன்."

"எங்க அம்மா... எங்க அம்மா அங்க நின்னிருப்பாங்கடி!" அவன் குரல் உடைந்தது. "ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா? வெக்கங்கெட்டவளே!"

"நான் முப்பத்தாறு வருஷம் பொறுத்தேன்," என்றாள் லைரிஸ். "கையை எடு."

அவன் எடுத்தான். அவனைப் பார்க்க ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தக் கணத்தை அவள் அப்படியே விழுங்கிவிட்டாள்.

படகுத்துறைக்கு வந்தபோது பாதி ஊர் அங்கே நின்றது. பெண்கள் தாழ்ந்த குரலில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு என்று நினைத்த விருந்தாளிகள் கையசைத்தார்கள். ஒருவன் பாட்டுக்கேற்ப மெதுவாக ஆடிக்கொண்டே இறங்கினான். கிரீடக்காரி லைரிஸைக் கட்டிப்பிடித்து, தன் வாழ்நாளில் இப்படி ஒரு சாயங்காலம் பார்த்ததில்லை என்றாள். வேன் அவர்களை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் பாட்டு நின்றது.

கூட்டம் விலகி வழிவிட்டது. வெர்னா வந்தாள். வீட்டில் போடும் பழைய உடுப்பு, காலில் ரப்பர் செருப்பு, தலையில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. நேராகப் படகில் ஏறிக் கீழறைக்குப் போனாள். சுகாதார நிலையத்து நர்ஸ் பின்னால் போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் கல்லாக இருந்தது.

"யார் ஊதினது?"

ஊருக்கே தெரியும்.

"அது டூரிஸ்டுக்கு ஊதறதும்மா," என்றான் கார்வின். "இவ கெட்ட எண்ணத்துல மாத்தி ஊதிட்டா. அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

"உங்க அப்பா செத்துட்டாரா, இல்லியா?"

"...செத்துட்டாரு."

"அப்ப கணக்கு சரியாத்தானே இருக்கு?" வெர்னா லைரிஸின் கையிலிருந்து சங்கைப் பிடுங்கினாள். "இல்லேங்கிறியா? சரி. நீ ஊது."

"அம்மா, இப்ப எதுக்கு..."

"ஊதுடா. அவரு புள்ளதானே நீ? உனக்காகத்தான் ஊரே காத்துக்கிட்டு நிக்குது."

அவன் வாங்கி உதட்டில் வைத்தான். காற்று வந்தது. மறுபடி ஊதினான், எச்சில் தெறித்தது. அன்றைக்கு விருந்தாளிகள் சிரித்தார்கள், இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கார்வின் சங்கைப் பிடித்தபடியே நின்று, சிறுபிள்ளை மாதிரி அழத் தொடங்கினான்.

வெர்னா சங்கை வாங்கித் தன் உடுப்பு ஓரத்தில் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு லைரிஸிடம் திரும்பினாள்.

"உன்னை எனக்குப் பிடிக்காது. நீ பொறந்த அன்னிலேருந்து பிடிக்காது. உங்க அம்மாவை அதுக்கு முன்னாடிலேருந்து."

"தெரியும், மிஸ் வெர்னா."

"என் வீட்டுக்காரன் செத்ததை உன் வாயால கேக்க வெச்சுட்டே. நான் சாகற வரைக்கும் இதை மறக்க மாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. ஊதினவ பாதியில ஓடக்கூடாது. அடக்கம் முடியற வரைக்கும் என் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே காலை வெக்காதே. மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டு. என் பேரைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்குள்ள நிக்காதே."

வீட்டில் வெர்னா ஒரு கறுப்பு உடுப்பை அவள்மேல் விட்டெறிந்தாள். வெர்னாவுடைய அளவு, லைரிஸுக்குத் தோளில் நிற்காமல் வழிந்தது. கூடத்து நடுவில் ஆன்செல்மைக் கிடத்தியிருந்தார்கள். மோவாயைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. சாவு வீட்டு முறைப்படி முகக்கண்ணாடிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பியாகிவிட்டது. சமையலறையில் யாரோ காப்பி போட்டார்கள். ஜனம் வாசலில் வரிசையாக வரத் தொடங்கியதும் லைரிஸ், யாரும் சொல்லாமலே, கோப்பைகளைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

முதலில் வந்தவர் வலைக்காரர் இக்னேஷியஸ். தொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு வெர்னாவின் கையைப் பிடித்தார். அடுத்து கார்வினின் கையை. அதற்கடுத்து லைரிஸின் எதிரே வந்து நின்றார். அவள் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கோப்பையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையும் நின்றது.

"கையைக் குடேன்டி," என்றாள் வெர்னா, இவள் பக்கம் திரும்பாமலே. "ஆளு எவ்வளவு நேரம் நிப்பாரு?"

தட்டை எங்கே வைப்பதென்று லைரிஸுக்குத் தெரியவில்லை. குனிந்து தரையில் வைத்தாள். உள்ளங்கையை அந்தத் தொளதொளத்த உடுப்பில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, நீட்டினாள்.