மூன்றாவது கத்தி

கூரையோரத்துக் கீற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் சடையன். தம்பி கண்ணப்பனைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியாகிவிட்டது. பாடையும் கட்டி முடிந்தது.

"கொள்ளிக்குடத்துல ஓட்ட போட ஒரு கத்தி வேணும் ஜமுனா. அங்க போய்த் தேடினு இருக்க முடியாது," என்றவர் கையில் ஒன்று அகப்பட்டது. "தோ, இதே போதும். எதுக்கும் ஆவாத கத்திதான? அங்கியே போட்டுட்டு வந்துடலாம்."

சுடுகாட்டுக்குப் போன இரும்பு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. அது அவர்கள் வழக்கம். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜமுனா அந்தக் கத்தியையே பார்த்தாள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து கண்ணப்பன் வீட்டோடு கிடந்தபோது பிடித்த பைத்தியம் அது. போனில் எவனோ இரும்பைக் காய்ச்சி வாள் அடிப்பதைப் பார்த்தவன், மறுநாளே லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வாளு செய்யப் போறியா? யாரு மேலய்யா படையெடுக்கப் போற?" என்று கேட்டாள் ஜமுனா.

"மொதல்ல கத்தி. அப்பால வாளு," என்றான் நிதானமாக.

கொல்லையில் மண்ணைக் குழைத்து ஓர் அடுப்பு. காற்றுக்கு, மகள் ஆர்த்தியின் கல்யாணத்துக்கு வந்த முடி காயவைக்கிற மெஷின். முதல் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி ஏரித் தண்ணீரில் முக்கினான். டிங்கென்று ஒரு சத்தம். இரண்டாய்ப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. எண்ணெயில் முக்கவேண்டும் என்று போன் சொல்ல, மீன் வறுக்க வைத்திருந்த எண்ணெய் முழுக்க வாளிக்குப் போனது. தெருவே மணத்தது. பக்கத்து வீட்டுக் கோமளா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வடையா?"

"ஆமா, இரும்பு வட. உங்க அண்ணன் சுடுறாரு. தட்டு எடுத்துனு வா."

கரி அப்பிய முகத்தோடு கண்ணப்பன் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தக் கொல்லையில்தான் இருந்தது.

மூன்றாவது உடையவில்லை. ஆனால் இடது பக்கமாய்க் கோணிக்கொண்டது. தட்டி நிமிர்த்தினால் உடைந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே கூர் தீட்டி, பழைய படகுப் பலகையில் பிடி போட்டு, வலை நூலைச் சுற்றி அவளிடம் நீட்டினான். அவள் ஒரு மடவை மீனை வைத்து வெட்டினாள். துண்டு சாய்ந்து விழுந்தது.

"அடுத்தது நேரா வரும் பாரு," என்று அதை வாங்கிக் கூரைக் கீற்றில் செருகினான்.

அடுத்ததுக்கான பட்டை அடுப்புக்குள்ளேயே கிடந்தது. நேற்று சாயங்காலம் அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஜமுனா எழுந்தாள். மீன்கூடையிலிருந்து தன் சந்தைக் கத்தியை எடுத்து வந்தாள். ஆர்த்தி கைக்குழந்தையாய் இருந்த காலத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சோறு போட்ட கத்தி.

"இத எடுத்துனு போங்க மாமா. அத குடுங்க."

"இது உன் பொழப்பாச்சேம்மா. திரும்பி வராது."

"தெரியும்."

சடையன் ஆர்த்தியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே, "குடுத்துடு பெரிப்பா," என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து ஜமுனா சந்தைக்குப் போன முதல் நாள், மடவை வாங்க வந்த ஆமினா பீவி குனிந்து பார்த்தாள்.

"இன்னா ஜமுனா, துண்டெல்லாம் சாஞ்சி சாஞ்சி வருது?"

ஜமுனா பலகையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, கத்திக்குத் தோதாகத் தானும் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அடுத்த மீனை எடுத்தாள்.