பூனைவணங்கி

காலை எட்டு மணிக்கு மூலிகைத் தோட்டத்து நாற்றங்காலில் பன்னிரண்டு தொட்டிகள் இருந்தன. நேற்று மாலை அவற்றுக்குப் பெயர்களும் இருந்தன. இரவு மழை கழுவிவிட்டது. பெயர்ச் சீட்டுகளை அவள் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று மைப்பேனாவால் எழுதினாள்.

ஆறு குப்பைமேனி, ஆறு செந்தட்டி. ஒரே உயரம், ஒரே பல்விளிம்பு இலை. எதுவும் பூக்கவில்லை. செந்தட்டிக்குக் கொடி வீசும் வயதும் வரவில்லை. பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். குப்பைமேனியை மேசையில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். செந்தட்டியைக் கம்பிவலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். தொட்டால் அரித்துத் தள்ளிவிடும்.

அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் தாள் பொறுப்பாளர் அம்மாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த அம்மா செடிகளைப் பிரித்துவிடுவார். ஆனால் அவரிடம் கேட்பதும் மைப்பேனாவை ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான்.

தண்ணீர் வண்டி ஓட்டும் நாத்தனார் இறங்கி வந்தாள்.

“என்ன அண்ணி, கப்பல் கவுந்த மாதிரி நிக்கறீங்க?”

சொன்னாள்.

“இவ்வளவுதானா? தொட்டுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது.”

“தொடு.”

“மூத்தவங்க இருக்கும்போது நான் எப்படி?”

“நேத்து என் தட்டுல கைய விட்டு எடுத்தப்போ மூத்தவன்னு தெரியலையா?”

அவளே முழங்கையால் முதல் தொட்டிச் செடியைத் தொட்டாள். குதித்தாள்.

“செந்தட்டி ஒண்ணு,” என்று நாத்தனார் அதை நிதானமாகத் தள்ளி வைத்தாள். அடுத்ததை நாத்தனாரே தொட்டாள். சற்றுப் பொறுத்துச் சொறிந்தாள்.

“அரிக்குதா?”

“அரிக்குது. செடியாலயா, நீங்க சொறியறதப் பாத்ததாலயான்னுதான் தெரியல.”

அதோடு நிறுத்தினார்கள். பழைய அரிப்பு அடங்காமல் புது அரிப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

“சீட்டுல என்னதான் எழுதினீங்க?”

“குப்பைமேனின்னு. கீழ, அதோட இன்னொரு பேரு. பூனைவணங்கி.”

“பூனை எதுக்கு வணங்குது?”

“வேர் வாசனைக்குச் சொக்கிடுமாம்.”

இருவரும் காவல் அறைப் பக்கம் திரும்பினார்கள். படியில் காவல்காரரின் பூனை படுத்திருந்தது. வேலையே செய்யாததால் எல்லோரும் அதை மேனேஜர் என்பார்கள். அது இதுவரை யாருக்கும் தலை வணங்கியதில்லை.

அவள் கையுறை மாட்டி ஒவ்வொரு தொட்டியிலும் வேர்த்துணுக்கு ஒன்றைக் கிள்ளி, தொட்டிக்கு முன்னால் வைத்தாள். நாத்தனார் மேனேஜரை அக்குளில் இடுக்கி வந்து இறக்கினாள்.

முதல் தொட்டியை அது முகர்ந்துவிட்டு நகர்ந்தது. இரண்டாவதில் விழுந்தது. புரண்டது. எச்சில் ஒழுக வேரைக் கட்டிக்கொண்டது.

“மானம் போச்சு மேனேஜர்,” என்றாள் நாத்தனார்.

பதினொன்றாவதில் பூனை தூங்கிவிட்டது. அதற்குள் ஆறு வணக்கம் சேர்ந்திருந்தது.

ஒன்பதரைக்குப் பொறுப்பாளர் அம்மா வந்தார். மேசையில் ஆறு, வலைக்குப் பின்னால் ஆறு. பெயர்ச் சீட்டு எதிலும் இல்லை. நடுவில் மல்லாந்த பூனை.

சொல்ல வேண்டாம் என்று நாத்தனார் அவள் காலை மிதித்தாள். அவள் சொல்லிவிட்டாள்.

“மைப்பேனாவுல எழுதிட்டேம்மா. மழையில போயிடுச்சு. பூனைய வச்சுப் பிரிச்சேன்.”

“பூனைய வச்சா?” அம்மா வலைக்குப் பின்னால் குனிந்து ஒரு தொட்டியை எடுத்தார். “இது குப்பைமேனி. இருபது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“தொடாதீங்கம்மா.”

இலையைத் தடவினார்.

அம்மாவின் முகம் மெல்ல மாறியது. தொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“சரியாத்தான் பிரிச்சிருக்கு,” என்றார். “பேர் எழுதி வை. அப்புறம் என் ரூமுக்கு வா.”

அறையில் வலது கையை இடது கையால் சொறிந்தபடியே கையெழுத்துப் போட்டார். கோடு மேலே ஏறி, தேதியைத் தாண்டி ஓடியது.

“இது செல்லுமாம்மா?”

“செல்லும். நான் இன்னும் சொறியறதுக்குள்ள எடுத்துட்டு ஓடு.”