பனிமேல் பழி

செல்விக்குத் தில்லிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளி கழிந்து காலையில் மூட்டம் விழத் தொடங்கினால் போதும், இழுப்பு வந்துவிடும். கம்பளி, குல்லா, மிளகுக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அவள் கணவன் பச்சைமுத்து சர்க்கார் குமாஸ்தா. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வாசம். பெண்டாட்டிக்குப் பனி ஆகாது, ஆகாது என்று மேலதிகாரி காதில் ஓதியே இந்த எழுபத்தெட்டாம் வருஷம் சொந்த ஊரான பரமக்குடிக்கு மாற்றல் வாங்கிவிட்டான். எல்லாருக்கும் சளி கொடுக்கிற பனி அவனுக்கு மட்டும் ஊரைக் கொடுத்தது.

கிளம்புமுன் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டிவிடலாமென்று அழைத்துப் போனான். பனிமூட்டத்துக்கு ஹிந்தியில் சட்டென்று சொல் வரவில்லை; பனிக்கட்டிக்கு உள்ள சொல்தான் வாயில் வந்தது.

"டாக்டர் சாப், இஸ்கோ பரஃப் சே தக்லீஃப்" என்றான்.

சர்தார்ஜி டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பரஃப்? தில்லி மே?" இவள் என்ன, தினமும் ஐஸ் தின்கிறாளா என்று வேறு கேட்டார். பச்சைமுத்து வாயால் ஊதி, கையால் புகை காட்டி, ஒருவழியாகப் புரியவைத்தான்.

டாக்டர் செல்வியின் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார். அதில் ஒன்று மட்டும் கொசுக்கடி போலத் தடித்தது. பனி ஒரு பாவமும் அறியாது என்றார். காற்றில் பறக்கிற பூந்தூள் மூட்டத்தில் மாட்டிக்கொண்டு மூக்கு மட்டத்திலேயே நிற்கிறதாம். ஆகாதது அந்தத் தூள்தானாம். எந்தப் பூ என்றதற்கு, "விலாயதி கீகர்" என்றார்.

பஸ்ஸில் பச்சைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"விலாயதின்னா வெளிநாடு, செல்வி. வெள்ளைக்காரன் கொண்டாந்த மரம். நம்ம ஊர்ல அதெல்லாம் ஏது? அங்க போனா மூச்சு ஜம்முனு ஆயிரும், பாரு."

"அச்சா" என்றாள் செல்வி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்கிற கொழுப்பில், ஞாயிற்றுக்கிழமை மந்திர் மார்க்குக்குப் பின்னால் காட்டோரம் போனான். சுள்ளி பொறுக்கிய ஒருத்தியிடம் எது விலாயதி கீகர் என்று கேட்டான். அவள் அவன் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். முள், பொடி இலை, கதிர் கதிராக மஞ்சள் பூ. சீமைக்கருவேலம்! பரமக்குடியில் அவன் வீட்டுக்கு வேலி அது, அடுப்புக்கு விறகு அது, கண்மாய்க்கரை முழுக்க அதுதான். விலாயதி என்றால் சீமை. எட்டு வருஷம் ஹிந்தியில் குப்பை கொட்டியவனுக்கு இந்த ஒரு சொல் உறைக்கவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஊர் ஆசை யாரை விட்டது? ஆனால் அவள் மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டான்.

செல்வி அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"கல்யாணமான புதுசுல உங்க ஊர்ல இருந்தப்பவும் இழுத்துச்சு. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்னு உங்க வீட்ல சொன்னாங்க. நீங்களும் பேசாமத்தான் இருந்தீங்க. இங்கயும் இழுக்குது, அங்கயும் இழுக்கும். இங்க இழுத்தா டாக்டராச்சும் நம்புறாரு."

பச்சைமுத்து மறுநாள் ஆபீசில், மாற்றல் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான்.