சின்னவன் படிக்கத் தொடங்கிய நாள்

...உள்ளே பிள்ளைகளிடம் இன்னும் என்னதான் கேட்கிறார்களோ, கதவைப் பாதி சாத்திவிட்டுப் போய் அரைமணி ஆகிறது, அதற்கு மேலேயும் இருக்கும், இந்தப் பெஞ்சை ஐந்து வயசுப் பிள்ளைகளுக்காகச் செய்திருக்கிறார்கள் போல, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கிறது, எழுந்து நின்றாலோ கால் தானாகக் கதவிடுக்குப் பக்கம் போகிறது... போகக் கூடாது. "நீங்க வெளிய இருங்க சார், உள்ள இருந்தா எல்லா அப்பாவும் உதட்ட அசைச்சுக் காட்டுவாங்க" என்று அந்த டீச்சர் சிரித்தபோது நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது, ஏனென்றால் இப்போதுகூட, இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, என் உதடு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சின்னவனுக்கு ஏழெட்டு எப்போதும் தகராறு. பெரியவனுக்குத் தகராறே இல்லை, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான், அதுதான் பயமாக இருக்கிறது, இங்கே ஜன்னலைப் பார்க்க விடுவார்களா?

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தது திட்டம் போட்டுச் செய்த காரியமா? இவர்கள் அம்மா பாலம் கட்டுகிற பொறியாளர், ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆறு, அடுத்த ஊர், அடுத்த வாடகை வீடு. நான் பிழை திருத்துகிறவன், பதிப்பகங்கள் அனுப்புகிற தாள்களை எந்த ஊரில் குந்தியும் திருத்தலாம். பெரியவன் பள்ளிக்கூடம் போன முதல் வருஷமே இரண்டு ஊர் மாறிவிட்டோம், இரண்டாவது ஊரில், பக்கத்துல யாருடா உட்கார்றா என்று கேட்டால், "பேர் கேக்கலப்பா, எப்படியும் நாம போயிடுவோம்ல" என்றான், சாதாரணமாகத்தான் சொன்னான், ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. அவள்தான் அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள், கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுக்கலாமே, நீங்கதான் இருக்கீங்களே... கொஞ்ச நாள்! அந்தக் கொஞ்ச நாளில் எத்தனை ஆறு தாண்டினோம். இப்போது அவளுக்குத் தலைமை அலுவலகத்தில் மேஜை கொடுத்துவிட்டார்கள், இனி பாலத்தைக் காகிதத்தில்தான் கட்டுவாள், இனி இந்த ஊர்தான், அதனால் இந்தப் பெஞ்சு, இந்தக் கதவு.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி என் தாள்கள், மறு பாதி அவர்கள். நடுவில் எல்லைக்கோடு என்று ஒரு ஸ்கேலை வைப்பேன், பத்து நிமிஷத்தில் சின்னவனின் முழங்கை எல்லை தாண்டிவிடும், ஒரு தடவை யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு யானை நின்றது, சிவப்புப் பேனாவில், நான்கு கால், ஐந்தாவதாக ஒரு கால், "அது தும்பிக்கைப்பா, கீழ எதையோ தேடுது". எதைத் தேடியிருக்கும்? பதிப்பகத்துக்கு வேறு தாள் கேட்டு எழுதினேன், யானையை எடுத்து வைத்துக்கொண்டேன். ழகரம் சொல்லிக்கொடுத்த நாட்கள் வேறு, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சின்னவன் மல, மல என்பான், மூன்று பேரும் குளியலறைக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நாக்கை மடக்கிக்கொண்டு நிற்போம், வேலையிலிருந்து வந்த அவள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "யாருக்குப் பல்வலி?" என்று கேட்டாள். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை படிக்கட்டில் மடக்கி, ஏம்ப்பா, பள்ளிக்கூடம் போகலியா என்று கேட்டதற்குப் பெரியவன், "எங்க வீட்லயே இருக்கு மாமா, அப்பாதான் ஹெட்மாஸ்டர், பெல் அடிக்கிறதும் அவர்தான்" என்றான். நான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல அவர் என்னைப் பார்த்தார். என்ன தப்பு செய்தேன்? செய்தேனா? மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட வருஷங்களில் இவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குடையில்லாமல் ஓடினோமே, அதற்கு இங்கே யார் மார்க் போடுவார்கள்...

கதவு திறந்தது. எழுந்த வேகத்தில் பெஞ்சும் கூடவே எழுந்தது. டீச்சர் சிரித்தார், "பயப்படாதீங்க சார், ரெண்டு பேரையும் சேத்துக்கலாம், சின்னவர் என்ன இப்படி வாசிக்கிறார், தண்ணி மாதிரி! யார் சொல்லிக்குடுத்தது?" நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லியேவிட்டேன் என்று நினைக்கிறேன், அதற்குள் உள்ளேயிருந்து சின்னவன் குரல், "இல்ல டீச்சர், அண்ணன்." அடுத்து பெரியவனின் "டேய்!" அடுத்து மறுபடி சின்னவன், சந்தோஷமாக, "அப்பாவுக்குத் தெரியாது டீச்சர், அது ரகசியம்." டீச்சர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ எனக்கும் தெரிந்த ரகசியம் போலத் தலையாட்டினேன்.

தெரியாதே. எனக்கு எங்கே தெரியும்? ஆற்றங்கரை ஓட்டு வீட்டில், வாசல்வரை தண்ணீர் வந்த அந்த மழைக்காலம் முழுக்க, நாலு மணி ஆனால் சின்னவன் வந்து மடியில் ஏறுவான், நான் அவன் விரலைப் பிடித்து எழுத்தெழுத்தாக நகர்த்துவேன், எ... று... ம்... என்று திக்கித் திக்கி, நேற்றுச் சொன்னதை இன்று மறந்து, கொம்பையும் காலையும் மாற்றி மாற்றி, ஒருநாள் திடீரென்று "எறும்பு!" என்று முழுசாகச் சொன்னானே, நான் அவனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன், பாலத்துக்குப் போன் போட்டேன், கலவை இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, எறும்பு, எறும்பு என்று கத்தினேன், "மருந்து வாங்கிப் போடுங்க" என்று அவளும் கத்தினாள், எவ்வளவு சிரித்தோம்... அன்றைக்கு அவனுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியுமா? போர்வைக்குள் அண்ணனிடம் கற்று முடித்துவிட்டு வந்தா திக்கினான்? ஊரெல்லாம் பிழை பிடிக்கிற எனக்கு இந்தப் பிழைகள் நடிப்பென்று படவேயில்லையே.

மைதானத்தின் ஓரமாக வெளிவாசலுக்கு நடக்கிறோம். பந்து விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்ததும் சின்னவன் முன்னால் ஓடிவிட்டான், பெரியவன் என் பக்கத்தில், எப்போது இவன் என் தோளுக்கு வந்தான்? ஏண்டா என்கிட்ட சொல்லல, என்றேன். கோபமில்லாமல்தான் கேட்டேன்.

"அவன்தான் சொல்லாதன்னான்பா."

"ஏனாம்?"

ஒரு கல்லை உதைத்தான். அது உருண்டு நிற்கும்வரை பார்த்துவிட்டுச் சொன்னான், "நான்தான் அவன்கிட்ட சொன்னேன். படிக்க வந்துட்டா அப்பா மடியிலேர்ந்து எறக்கி விட்டுடுவார்னு. எனக்கு அப்படித்தான ஆச்சு."

குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பது போலச் சொன்னான், சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவிட்டான், பிள்ளைகளில் ஒருவன் பந்தை அவன் பக்கம் தள்ளிவிட்டான், இவன் காலால் நிறுத்தி ஏதோ கேட்டான், பெயராக இருக்கும். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எந்த வீடு அது, எந்த மேஜை, எந்தப் பக்கம்? வரி முழுக்கத் தடங்கலில்லாமல் படித்திருப்பான், நான் முதுகில் தட்டி, சபாஷ்டா, இனிமே நீயே படிச்சுக்கலாம் என்றிருப்பேன், நிச்சயம் அதைப் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பேன், இறக்கி விட்டுவிட்டு என் தாள்களை இழுத்துக்கொண்டிருப்பேன். அப்போது இவன் என்ன செய்தான்? கொஞ்சம் நின்றானா? எவ்வளவு யோசித்தாலும் அவன் முகம் வரவில்லை, மடியில் இருக்கிற பிள்ளையின் முகம் எங்கே தெரிகிறது, உச்சியில் அந்தச் சுழிதான் தெரிகிறது, இரட்டைச் சுழி, அது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.